கிளப் வயல்

டங்கன் மழைமானியைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை. அடியில் ஒரு செத்த ஈ கிடந்தது. தட்டிவிட்டு மறுபடி கம்பத்தில் மாட்டினான். நாய்கள் இரண்டையும் அவிழ்த்துவிட்டான். ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில் மிதவை ஒட்டிக்கொண்டிருந்தது. காலால் ஓர் உதை விட்டதும் தண்ணீர் விழ ஆரம்பித்தது. உள்ளே வந்து ரொட்டியை வாட்டினான். ஒரு பக்கம் கருகியது. சுரண்டிவிட்டுத் தின்றான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான், கழுத்துப்பட்டையிலிருந்து தொடங்கி. மேசைமேல் இருந்த போன் வானிலையைக் காட்டியது. மாலை ஆறு மணிக்கு மேல் மழை, முப்பது மில்லிமீட்டர் வரை.

மணி ஏழாகவில்லை. மனைவி மெரினின் அடக்கச் சடங்கு பதினொரு மணிக்கு. இடையில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. கொட்டகைப் பக்கம் நடந்தான்.

பத்து நாட்களாக அவன் அங்கே போகவில்லை. அங்கேதான் அவள் விழுந்தாள். விதைப்பு இயந்திரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவளை அவள் அப்பா க்ளைவ் பார்த்தபோது மணி எட்டேகால். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஹெலிகாப்டர் வந்தது. காலியாகத் திரும்பிப் போனது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

கொட்டகைக்குப் பின்னால் தானியம் கொட்டிவைக்கும் மூன்று தகரக் குதிர்கள் நின்றன. போகிற போக்கில் ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டினான். அவனைப் போன்ற பயிர் ஆலோசகர்களின் பழக்கம் அது. யார் பண்ணைக்குப் போனாலும் குதிர்களைத் தட்டாமல் கடக்க மாட்டார்கள். முதலாவது கனமாகச் சத்தம் கொடுத்தது. பார்லி. இரண்டாவதும் பார்லி. மூன்றாவது கணீரென்றது.

அவன் நின்றான். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினான். அங்கும் கணீரென்றது. அடியில் இருந்த கதவைத் திறந்தான். ஒரு கைப்பிடி மசூர் பருப்பும் கொஞ்சம் தூசியும் விழுந்தன.

மூன்று டன் இருந்திருக்க வேண்டும். அது கிளப்பின் விதை.

விர்ரபீல் ஃபுட்பால் கிளப்புக்கு ஊருக்குத் தெற்கே அறுபது ஹெக்டேர் நிலம் உண்டு. ஊரில் நூற்றெண்பது பேர்தான். டிக்கெட்டும் கேன்டீனும் நடுவர்களின் சம்பளத்துக்கே காணாது. அந்த வயலில் உறுப்பினர்கள் தங்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து இலவசமாக விதைத்து, இலவசமாக அறுப்பார்கள். விளைந்த பருப்பை விற்றுத்தான் காப்பீடு, மைதான விளக்கு, ஆட்டக்காரர்களை ஏற்றிவரும் பஸ். ஐந்து வருடமாக அந்த வயலைப் பார்த்துக்கொண்டது மெரின். போன செப்டம்பரில் உறைபனி விழுந்து எல்லாம் போயிற்று. நவம்பரில் நடந்த கூட்டத்தில் தலைவர் ஹைனி எழுந்து நின்று சொன்னார்: இன்னும் ஒரே ஒரு விளைச்சல் பார்ப்போம், அதுவும் போனால் சாவியை லீக்கிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். நூற்றுப் பதினேழு வருடக் கிளப். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியாக இருந்த பணத்தில் மெரின் இந்த விதையை வாங்கினாள்.

குதிரடியிலிருந்து டயர்த் தடங்கள் வடக்கே போயின. டங்கன் பின்தொடர்ந்தான். வடக்கு வயலின் ஓரத்தில் குந்தி, பேனாக்கத்தியால் விதைச் சால் ஒன்றைக் கீறினான். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் பருப்பு இருந்தது. உலர்ந்த மண்ணில் அப்படியே, முளை விடாமல். இன்னும் பத்தடி தள்ளிக் கீறினான். அங்கும் இருந்தது. சால்கள் அடிவானம் வரைக்கும் நேராகப் போயின.

விதைப்புக் காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு நிலத்தை ஊரே வந்து விதைத்துக் கொடுத்துவிடும். கேட்க மாட்டார்கள், கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். டங்கனும் க்ளைவும் சவப்பெட்டி பார்க்க ஹார்ஷம் நகரத்துக்குப் போயிருந்த நாளில் ஐந்து டிராக்டர்கள் வந்திருக்கின்றன. திரும்பி வந்தபோது வாசலில் ஹைனி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “வடக்குப் பக்கம் முடிஞ்சுது டங்க். நூல் புடிச்ச மாதிரி இருக்கு. அவ பாத்தாக்கூட குத்தம் சொல்ல முடியாது,” என்றார். டங்கன் நன்றி சொன்னான்.

எந்தக் குதிரில் யாருடைய விதை என்று எழுதி வைத்திருக்கவில்லை. மெரினுக்கு அதற்கு அவசியம் இருந்ததில்லை.

வடக்கு வயல் பார்லிக்கானது. போன ஜூனில் அங்கிருந்த கோதுமைக்கு, பருப்புக்கு ஆகாத ஒரு களைக்கொல்லி அடித்தார்கள். மருந்துச் சீட்டை எழுதியது டங்கன். டிசம்பர், ஜனவரிக் கோடையில் மழை பெய்திருந்தால் மருந்து மண்ணில் கரைந்திருக்கும். பெய்யவில்லை.

க்ளைவ் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீடு அதே பண்ணையில், முந்நூறு அடி தள்ளி. டங்கன் வருவதைப் பார்த்தார், பிரஷை நிறுத்தவில்லை.

“தூங்கினியா?”

“கொஞ்சம். கிளப் விதை போயிடுச்சு க்ளைவ்.”

“எங்க போச்சு?”

“வடக்கு வயல்ல போட்டுட்டாங்க.”

பிரஷ் நின்றது. “அது பார்லிக்குல்ல வெச்சிருந்தா.”

“ஆமா. மண்ணுல மருந்து இருக்கு. மொளைக்கும். மூணு எல விடும். அப்புறம் மஞ்சளா நின்னுடும்.”

க்ளைவ் ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். “ஹைனிக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“இன்னைக்கு வேணாம். எம் பொண்ணை அனுப்பிட்டு வந்துடறேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்.”

“சாயங்காலம் மழை. கிளப் வயல் களிமண். மூணு வாரம் வண்டி எறங்காது. அதுக்கப்புறம் போட்டாப் பருப்பு தேறாது.”

“எனக்குப் பாடம் எடுக்காத. அந்த மண்ணு எனக்குத் தெரியும்.” அவர் அடுத்த ஷூவை எடுத்தார். “அந்த மனுஷன் நல்லது செய்யறேன்னு வந்தான். ஒரு நாள் முழுக்கத் தன் வேலைய விட்டுட்டு வந்தான். பொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, நீ பண்ணது தப்புன்னு சொல்லப் போறியா?”

“பொட்டி பக்கத்துல சொல்லமாட்டேன்.”

“உனக்கென்னடா அந்த கிளப்புல? எட்டு வருஷமா இங்க இருக்க. ஒரு நாள் பந்தைத் தொட்டதில்ல. ஆட்டத்தன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து பேப்பர் படிப்ப.”

“ஆமா.”

“அப்புறம்?”

“மழைக்கு முன்னாடி போட்டாகணும்,” என்றான்.

க்ளைவ் மறுபடி பிரஷை எடுத்தார். ஷூ பளபளத்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “டை கட்டிக்கிட்டு வா. கொண்டையா கட்டாத, போன தடவை மாதிரி,” என்றார்.

ஊரின் தேவாலயத்தை விற்று மூன்று வருடமாகிறது. அதனால் சடங்கு மைதானத்தில் நடந்தது. பெட்டிமேல் கிளப்பின் பெண்கள் அணியில் மெரின் போட்ட நெட்பால் உடுப்பை விரித்திருந்தார்கள், பச்சையும் வெள்ளையும். முழங்கால் தேயும் வரை அவள் ஆடினாள். பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி சடங்கு உரையைப் படித்தார். டங்கன் கேட்டான், ஆனால் எதுவும் மனதில் நிற்கவில்லை. அவன் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே, வேலிக்கு மேல், ஒரு சாம்பல் கோடு.

பிறகு சவ வண்டி மைதானத்தை ஒரு சுற்று வந்தது. நடக்கிற வேகத்தில் போனது. வேலியைச் சுற்றிக் கார்கள் மைதானத்தைப் பார்த்து நின்றிருந்தன, சனிக்கிழமை மாதிரியே. வண்டி தெற்கு கோல் கம்பங்களைத் தாண்டியபோது ஒரு கார் ஹாரன் அடித்தது. ஆட்டத்தில் ஆறு பாயின்ட் கோல் விழும்போது அடிப்பார்களே அதுபோல. பிறகு இன்னொன்று அடித்தது. பிறகு எல்லாமே அடித்தன. க்ளைவ் டங்கனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டும்வரை சத்தம் ஓயவில்லை.

இடுகாட்டில் மண் கட்டியாக இருந்தது. பெட்டிமேல் கல் மாதிரி விழுந்தது.

ஒரு மணிக்கு எல்லாரும் கிளப் கட்டடத்துக்குத் திரும்பினார்கள். கேன்டீன் நடத்தும் காலீன் சாண்ட்விச் தட்டுகளை அடுக்கிவைத்திருந்தாள். ஆண்கள் பீர் புட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். டங்கன் அருகே வந்தால் பேச்சை நிறுத்தித் தோளைத் தட்டினார்கள். ஹைனி டீக் கொதிகலன் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தெட்டு வயது, கதவை அடைக்கிற உடம்பு. டை வயிற்றின் பாதிவரைதான் வந்தது.

“ஹைனி, ஒரு நிமிஷம்.”

ஆட்டக்காரர்களின் அறைக்குப் போனார்கள். தைல வாசனை. நாளைய ஆட்டத்தில் துக்கத்துக்குச் சட்டைக் கையில் சுற்றிக்கொள்ள யாரோ கறுப்பு டேப் சுருள்களை பெஞ்சில் வரிசையாக வைத்திருந்தார்கள். டங்கன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ஹைனி மசாஜ் மேசைமேல் உட்கார்ந்தார். அது முனகியது.

“நான்தான் தொறந்தேன் அந்தக் குதிர,” என்றார்.

“தெரியும்.”

“பருப்பைப் பாத்ததும் உங்க வீட்டுதுன்னு நெனச்சுட்டேன். கிளப்போடத மெரின் வேற எங்கயோ வெச்சிருப்பான்னு. கேட்டிருக்கலாம்.”

“கேக்க அங்க ஆளில்ல.”

“உன் பொண்டாட்டி வாங்கின வெதைய எடுத்து, உன் நெலத்துலயே கொன்னுட்டேன்.”

வெளியே யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“பொறுக்கி எடுத்துட முடியுமா?” என்றார் ஹைனி.

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று டங்கன் அவர் முகத்தைப் பார்த்தான். இல்லை.

“மூணு டன்னு, ஹைனி.”

“ஆமாமா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப முடிஞ்சுது. போய்ச் சொல்லிடறேன். எல்லாரும் இங்கதான இருக்காங்க. தனியா கூட்டம் போட வேணாம்.”

“இன்னும் முடியல. கெர்ராங் கிளெனிஸோட மகன்கிட்ட வெத மிஞ்சியிருக்கு. நான்தான் பிப்ரவரில சோதிச்சுப் பாத்தேன். நல்ல முளைப்பு.”

“கிளெனிஸா?” ஹைனி தலையை ஆட்டினார். “நான் கேக்கமாட்டேன்.”

“ஏன்?”

“மூணு வருஷம் முன்னாடி ரெண்டு கிளப்பையும் ஒண்ணாக்கிடலாம்னு இங்கதான் வந்து நின்னா. உங்களோட சேர்றதுக்கு நான் மாட்டுக் கொட்டாயோட சேர்ந்துக்கறேன்னு சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும்.”

“நான் கேக்கறேன்.”

“இன்னைக்கா? நீயா?”

“மணி ஒண்ணரை,” என்றான் டங்கன்.

கிளெனிஸ் கெர்ராங் கிளப்பின் தலைவி. கெர்ராங் முப்பது கிலோமீட்டர் தள்ளி. எழுபதை நெருங்கும் மெலிந்த பெண். தன் கிளப்பின் சிவப்புக் கோட்டோடு வந்திருந்தாள். அது மரியாதையா சீண்டலா என்று ஊருக்குள் காலையிலிருந்து பேச்சு. ஜன்னலோரம் தட்டில் இரண்டு கறி பஃப்ஸோடு நின்றாள்.

“டங்கன். நல்ல பொண்ணுப்பா அவ,” என்றாள். “போன வருஷம் எங்க பொண்ணை முழங்கையால இடிச்சுக் கீழ தள்ளினா. நடுவர் பாக்கல. நான் பாத்தேன். ஹைனி எங்க, ஒளிஞ்சுக்கிட்டானா?”

“உள்ள இருக்கார். கிளெனிஸ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

சொன்னான். அவள் பஃப்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டாள். முழுங்கி முடித்த பிறகுதான் பேசினாள்.

“நாளைக்கு இதே மைதானத்துல உங்களை நூறு பாயின்ட்ல அடிக்கப் போறோம். தெரியும்ல?”

“தெரியும்.”

“அதுக்கு முந்தின நாள் வந்து வெத கேக்கற.”

“ஆமா.”

“காசா, கடனா?”

“காசு இல்ல. அறுவடைல தரோம்.”

“மறுபடி உறைபனி விழுந்தா?”

“என் பார்லிய வித்துத் தரேன்.”

“க்ளைவுக்கு அது தெரியுமா?”

“இப்பத் தெரிஞ்சுடுச்சு,” என்று பின்னால் ஒரு குரல். க்ளைவ் டீக் கோப்பையோடு நின்றிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளெனிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் வரிசையாக ஃபோட்டோக்கள், மீசை வைத்த ஆட்டக்காரர்கள், கோப்பைகள். “லீக்ல நான் கல்யாணமாகி வந்தப்ப பன்னெண்டு கிளப்பு,” என்றாள். “இப்ப ஏழு. நீங்களும் போனா ஆறு. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா அதே மூஞ்சிங்களையே பாக்கணும். யாரை அடிச்சுச் சந்தோஷப்படறது?” தட்டை ஜன்னல்கட்டையில் வைத்தாள். “ஜெராட். இங்க வா. கோட்டக் கழட்டு. நம்ம லாரிய எடுத்துட்டு வா, வெதையோட. வர்றப்ப டிராக்டரையும் தம்பிய ஓட்டிட்டு வரச் சொல்லு.”

“இப்பவாம்மா?” என்றான் அவள் மகன். நாற்பது வயது, கையில் அப்போதுதான் திறந்த பீர்.

“இல்ல, கிறிஸ்துமஸுக்கு.”

விஷயம் இரண்டு நிமிடத்தில் அறை முழுக்கப் பரவியது. யாரும் ஹைனியை எதுவும் கேட்கவில்லை. அவர் அறையிலிருந்து வெளியே வந்தபோது ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் மட்டும், “நூல் புடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னாங்க ஹைனி,” என்றான். ஹைனி அவனைப் பார்த்தார். “வாய மூடிட்டு கேட்டைத் தொறந்து வை போ,” என்றார். குரல் பழையபடி ஆகியிருந்தது. காலீன் சாண்ட்விச்களைத் தாளில் சுற்ற ஆரம்பித்தாள், டிராக்டரில் உட்கார்ந்து தின்ன.

க்ளைவின் விதைப்பு இயந்திரம் கொட்டகையில் நின்ற இடத்திலேயே நின்றது. கிரீஸ் பாதிதான் போட்டிருந்தது. இடது பக்கம் முழுக்கப் போட்டு, வலது பக்கத்தில் நாலாவது மூட்டு வரை. கிரீஸ் கன் சக்கரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் யாரோ எடுத்து வைத்திருக்க வேண்டும். டங்கன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். டையைச் சட்டைக்குள் செருகினான். ஐந்தாவது மூட்டிலிருந்து தொடங்கினான். க்ளைவ் டார்ச் பிடிக்க வந்தார். வெளிச்சம் தேவைப்படவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டே முக்காலுக்கு லாரி வந்தது. மூன்று மணிக்கு மூன்று டிராக்டர்களும் கிளப் வயலில் இறங்கின. டங்கன் கிழக்கே, ஹைனி நடுவில், ஜெராட் மேற்கே. க்ளைவ் வண்டியில் வேலியோரம் இருந்துகொண்டு, விதை குறையக் குறைய லாரியை அனுப்பினார். மண் மெல்லிய தூசியாகக் கிளம்பியது. வெள்ளைச் சட்டையின் கையில் கிரீஸ் கறை. இயந்திரம் மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனது. அதற்கு மேல் போனால் ஆழம் மாறும். டங்கன் வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். சாலை வழியே போன கார்கள் நின்றன. சிலர் இறங்கி, சடங்குக்கு வந்த உடையோடேயே வேலியில் சாய்ந்து பார்த்தார்கள். வேலியோரம் கார்கள் சேர்ந்துகொண்டே போயின.

மேற்கே இருந்த கோடு மேகமானது. மேகம் பாதி வானத்துக்கு வந்தது. நாலரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது.

“இது ஆறு மணி வரைக்கும் காத்துக்கிட்டிருக்காது,” என்று வண்டி ரேடியோவில் ஜெராட்டின் குரல்.

“ஓட்டு,” என்றார் ஹைனி.

ஓட்டினார்கள். ஐந்தேகாலுக்கு ஜெராட் தன் பங்கை முடித்துவிட்டு வாசலருகே போய் நின்றான். டங்கனுக்கு இரண்டு சால் மிச்சம். கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன. தூசியோடு சேர்ந்து பழுப்பாக வழிந்தன. அவன் துடைப்பானைப் போடவில்லை. கோடு தெரிந்தது, போதும்.

“டங்க்.” ஹைனி.

“சொல்லுங்க.”

“எத்தனை?”

“ஒண்ணரை. உங்களுக்கு?”

“இதான் கடைசி.” ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. “முடிச்சுடலாம் போலருக்கு.”

“முடிச்சுடலாம்.”

“டங்க், ஒண்ணு கேக்கட்டுமா. தப்பா நெனைக்காத.”

“கேளுங்க.”

“அன்னைக்குக் காலைல. அவ கடைசியா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

எல்லா வண்டிகளிலும் ஒரே அலைவரிசைதான். ஜெராட் கேட்டுக்கொண்டிருப்பான். வேலியோரம் க்ளைவ் கேட்டுக்கொண்டிருப்பார். டங்கன் சாலின் முடிவுக்கு வந்தான். இயந்திரத்தைத் தூக்கி, திருப்பி, இறக்கினான். கடைசிச் சாலில் நேராக வந்த பிறகு பொத்தானை அழுத்தினான்.

“நீங்க போன் பண்ணீங்க. ஆறே முக்காலுக்கு.”

“ஆமா. நீதான் எடுத்த. அவ குளிக்கறான்னு சொன்ன.”

“குளிக்கல. என் பக்கத்துலதான் நின்னா.”

மழை கூரைத் தகட்டில் பலமாக விழத் தொடங்கியது. அவன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“போன்ல உங்க பேரைப் பாத்துட்டு ஒண்ணு சொன்னா. அப்புறம் ரொட்டிய வாயில கவ்விக்கிட்டு பூட்ஸ் மாட்டப் போயிட்டா. நான் கெளம்பறப்ப கைய மட்டும் ஆட்டினா. அதனால கடைசியாச் சொன்னது அதான்.”

“என்ன சொன்னா?”

“‘ஐயோ, ஹைனி. நான் குளிக்கறேன்னு சொல்லிடு.’”